ரயிலில் ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது, வேலையை விட்டுவிடட்டுமா?

கேள்வி:

எனக்கு 23 வயது. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். எட்டு மாதத்துக்கு முன் சென்னையில் ஐ.டி. வேலை கிடைத்தது. மந்தைவெளியில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி, பறக்கும் ரயிலில் தரமணிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். மூன்று மாதத்துக்கு முன் ஒருநாள் காலை ரயிலில் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு முட்டி, விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். அதன்பிறகு நான்கைந்து தடவை வந்துவிட்டது. இப்போது ரயில் ஏறுவதே இல்லை. ஆட்டோவுக்கே சம்பளத்தில் கால்வாசி போகிறது. காலை மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். ராத்திரி தூக்கமில்லை, பகலில் ஆறு காபி. விடுதித் தோழி கொடுத்த மாத்திரையை நாலு தடவை பாதியாக உடைத்துப் போட்டேன். அம்மா, கண்ணு பட்டிருக்கிறது என்று கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினார். அப்பா, "வேலையை விட்டுட்டு வா, மாப்பிள்ளை பார்க்கலாம்" என்கிறார். கல்விக் கடன் வேறு இருக்கிறது. சில நாள் விடியாமலே போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. எனக்கு இருப்பது இதய நோயா, மனநோயா? கவுன்சலிங் போனால் என்ன செய்வார்கள்? வேலையை விடட்டுமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

விடியாமலே போனால் நன்றாக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதமாகத் தூக்கமும் இல்லாமல் பயத்தோடும் ஓடுகிறவர்களுக்கு இப்படித் தோன்றுவதுண்டு. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. ஆனால் மனசுக்குள்ளேயே பூட்டி வைக்காதீர்கள். இன்றைக்கே உங்கள் விடுதித் தோழியிடமோ, நம்பிக்கையான வேறு ஒருவரிடமோ இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். அந்த எண்ணம் "சாக வேண்டும்" என்றோ "எப்படி" என்றோ மாறினால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல், ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். டெலி மானஸ் எண் 14416. இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இந்தச் சேவை தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் நடக்கிறது.

அடுத்து, இதயம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எல்லாம் பேனிக் அட்டாக்கின், அதாவது திடீரென்று உச்சத்துக்கு ஏறும் பயத் தாக்குதலின் அறிகுறிகள். இருந்தாலும் ஈ.சி.ஜி. மட்டும் எடுத்துவிட்டு முடிவுக்கு வரவேண்டாம். ஒரு பொது மருத்துவரிடம் போய் ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றை ஒரே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ரத்தசோகையும் தைராய்டு கூடுதலாகச் சுரப்பதும் இளம்பெண்களிடம் படபடப்பாகவும் வெளியே தெரியலாம். ஆஸ்துமா இன்ஹேலர், மூக்கடைப்பு மாத்திரை ஏதாவது எடுப்பவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள். மாடி ஏறும்போது நெஞ்சு வலி, உண்மையிலேயே மயங்கி விழுவது, குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்தது, இவற்றில் ஒன்று இருந்தால்கூட இதயநோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் இந்தப் பரிசோதனைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாதம் ஒரு ஈ.சி.ஜி. எடுப்பதும், வாட்சில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடித்துடிப்பைப் பார்ப்பதும் பயத்துக்குத் தீனி போடும் வேலை.

அந்த ரயிலில் உடம்புக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம். தூக்கம் குறைவு, காபி அதிகம், மனசில் வேலைக் கவலை. இந்த நிலையில் இதயம் ஏதோ ஒரு காரணத்தால் கொஞ்சம் வேகமாகத் துடித்திருக்கும். 'ஐயோ, என்னவோ ஆகிறது' என்று மூளை அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டதும் அட்ரினலின் சுரக்கிறது, துடிப்பு இன்னும் கூடுகிறது. மூச்சு வேகமாகிறது. தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். விரல் மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். அதைப் பார்த்துப் பயம் இரட்டிப்பாகிறது. உச்சத்துக்குப் போக ஏறக்குறைய பத்து நிமிடம், பிறகு தானாக இறங்கும். நீங்கள் எதுவுமே செய்யாவிட்டாலும் இறங்கும்.

இரண்டு விஷயங்களை மட்டும் இப்போதே மனசில் பதித்துக்கொள்ளுங்கள். மயக்கம் என்பது ரத்த அழுத்தம் விழும்போது வருவது. பேனிக்கில் ரத்த அழுத்தம் ஏறும். அதனால்தான் 'விழப்போகிறேன்' என்று தோன்றினாலும் பேனிக்கில் பெரும்பாலும் யாரும் விழுவதில்லை. இன்னொன்று, பக்கத்தில் இருப்பவர்கள் "நல்லா மூச்சை இழுத்து இழுத்து விடும்மா" என்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். இழுத்து விட விடக் கரியமில வாயு இன்னும் குறைந்து மரமரப்பு கூடும். காகிதப் பையில் மூச்சு விடுவதும் வேண்டாம். வாயை மூடி மூக்கால் நான்கு எண்ணும் வரை மெதுவாக உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே, அது போதும்.

உங்கள் சிக்கல் அந்த முதல் பத்து நிமிடத்தில் இல்லை. அதற்குப் பின் வந்த மூன்று மாதத்தில் இருக்கிறது. ரயிலை விட்டீர்கள், மீட்டிங்கில் பேசுவதை விட்டீர்கள். கையில் தண்ணீர் பாட்டில், கதவோரத்து இடம், காதில் அம்மாவின் போன், பையில் மாத்திரை என்று இதற்குள் ஒரு பட்டியலே சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றும் அந்த நேரத்துக்கு நிம்மதி தரும். ஆனால் 'தப்பித்தது பாட்டிலால்தான்' என்று மூளை கணக்கு எழுதிக்கொள்ளும். பாட்டில் இல்லாமலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. சிகிச்சை அந்த வாய்ப்பை உருவாக்கிக் கொடுக்கிறது.

கவுன்சலிங்கில் என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பேனிக்குக்கு நல்ல ஆதாரம் உள்ள சிகிச்சை அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, சுருக்கமாக சி.பி.டி. மொத்தம் 7 முதல் 14 மணி நேரம் வரை ஆகலாம் என்பது சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு தந்திருக்கும் வழிகாட்டுதல். வாரம் ஒரு மணி நேரம் என்றால் ஏறக்குறைய இரண்டு முதல் மூன்றரை மாதம். முதல் நாள் பெரும்பாலும் கேள்விகள்தான்: எப்போது தொடங்கியது, எங்கெங்கே வருகிறது, வந்தால் என்ன செய்கிறீர்கள், தூக்கம், மாதவிடாய், குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா, சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா. சிறு வினாத்தாள்களும் தருவார்கள். பதற்றத்துக்கான ஜி.ஏ.டி-7 என்பதில் ஏழு கேள்விகள், 21 மதிப்பெண். பத்தோ அதற்கு மேலோ வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்று பொருள். சில வாரம் கழித்து அதையே மறுபடி நிரப்பச் சொல்லி, எண் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில் ஒரு சோதனை நடக்கும். நாற்காலியில் உட்காரவைத்து ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகவேகமாக மூச்சு விடச் சொல்வார்கள். முப்பது நொடியிலேயே உதடு உலர்ந்து, தலை லேசாகி, விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். நிறுத்தியதும், "ரயிலில் வந்தது போலவே இருந்ததா, நூற்றுக்கு எத்தனை?" என்று கேட்பார்கள். எண்பது, தொண்ணூறு என்று சொல்கிறவர்கள் நிறைய. உடனே படுக்கச் சொல்ல மாட்டார்கள், தண்ணீரும் தர மாட்டார்கள். அப்படியே உட்காரவைத்து, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்க்கச் சொல்வார்கள். மாரடைப்பு என்று நினைத்ததைத் தன் மூச்சாலேயே ஒரு நிமிடத்தில் வரவழைக்க முடிகிறது, தானாகவே அது போயும் விடுகிறது. இதை நேரில் காண்பது பத்துப் பேர் வந்து தைரியம் சொல்வதைவிடப் பலமானது. பிறகு நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடுவது, சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றுவது, மெல்லிய ஸ்ட்ரா வழியாக இரண்டு நிமிடம் மூச்சு விடுவது என்று போகும். எது அதிகப் பயம் தருகிறதோ அதைத் தினமும் வீட்டில் செய்ய வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைச் செய்யக் கூடாது. மற்றவர்களும் முதல் தடவை சிகிச்சையாளர் முன்னால் செய்வதே நல்லது.

அதன்பின் ரயில். எடுத்த எடுப்பில் காலை எட்டரை மணிக் கூட்டத்தில் ஏறச் சொல்ல மாட்டார்கள். உங்களோடு சேர்ந்தே ஒரு ஏணி போடுவார்கள். உங்களுக்கு அது ஏறக்குறைய இப்படி அமையும். முதல் படி, மந்தைவெளி பிளாட்பாரத்தில் உட்கார்ந்து இரண்டு ரயில் போகும்வரை பார்ப்பது. அடுத்தது ஞாயிறு மதியம் தோழியோடு கிரீன்வேஸ் ரோடு வரை ஒரே ஒரு ஸ்டேஷன். பிறகு அதே தூரம் தனியாக. பிறகு கஸ்தூரிபா நகர். பிறகு கூட்டமில்லாத நேரத்தில் தரமணி வரை. கடைசியில் வேலை நாள் காலையில், நடு இடத்தில் நின்றுகொண்டு, பாட்டிலும் போனும் இல்லாமல். ஒரு படியை வாரத்தில் மூன்று நான்கு தடவையாவது செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை செய்தால் நடுவில் ஆறு நாள் பயம் பழையபடி வளர்ந்துவிடும்.

ஏறுவதற்கு முன் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள்: "கோட்டூர்புரம் வருவதற்குள் மயங்கி விழுவேன், நம்பிக்கை 80." இறங்கியதும் கீழே: "மயங்கவில்லை. பயம் 70 வரை போனது. கஸ்தூரிபா நகரில் 40." பயம் பாதியாகும் வரை வண்டியில் இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. இப்போது, பயந்தது நடந்ததா இல்லையா என்பதையே பலரும் முக்கியமாகப் பார்க்கிறார்கள். படபடப்போடு தரமணி போய்ச் சேர்ந்தாலும் அது வெற்றிதான். நடுவில் தாங்க முடியாமல் இறங்கிவிட்டால் ஆட்டோ பிடித்து விடுதிக்குத் திரும்பாதீர்கள். பிளாட்பாரத்தில் உட்காருங்கள், அடுத்த ரயிலில் ஏறுங்கள். இறங்கியது பெரிய தப்பில்லை, இறங்கிய கையோடு வீட்டுக்குப் போவதுதான் பயத்தை ஊன்றிவிடும்.

மீட்டிங்குக்கும் இதே முறைதான். முதல் வாரம் இரண்டு நிமிடம் கேமரா. அடுத்த வாரம் எழுதி வைத்துப் படிக்காமல் ஒரே ஒரு வாக்கியம்.

இந்தச் சிகிச்சை ஏன் சிலருக்குப் பலிப்பதில்லை? பெரும்பாலும் மூன்று காரணங்கள். வாராவாரம் போய் மனசிலிருப்பதைக் கொட்டிவிட்டு வருவார்கள், வீட்டுப் பயிற்சி இருக்காது. அழுதால் பாரம் குறையும், ஆனால் ரயில் பயம் அப்படியே இருக்கும். அல்லது நாலாவது வாரமே நன்றாகிவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள், கூட்டத்தில் ஏறும் படி பாக்கி நிற்கும். அல்லது மூச்சுப் பயிற்சியையே புதுப் பாட்டிலாக்கிக்கொள்வார்கள், 'நாலு ஆறு எண்ணாவிட்டால் செத்துவிடுவேன்' என்று. ஆறு சந்திப்புக்குப் பிறகும் நோட்டிலுள்ள எண்களில் அசைவே இல்லையென்றால் சிகிச்சையாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது.

அம்மா கட்டிய கயிறைக் கழற்ற வேண்டாம். அது அவருடைய அன்பு. கயிறு இல்லாமல் ரயில் ஏற முடியாது என்ற நிலை வந்தால் மட்டும் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள்.

மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தோழி கொடுத்தது அல்ப்ரசோலம் வகையாக இருக்கலாம், அட்டையைப் பாருங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. கொஞ்ச நேரத்தில் படபடப்பை அமுக்கிவிடும், அதனாலேயே பழகிவிடும். அதைப் போட்டுக்கொண்டு ரயில் ஏறினால் மூளை எதையும் கற்றுக்கொள்ளாது. எப்போதாவது பாதி மாத்திரை என்பதால் இத்தோடு நிறுத்திவிடலாம். வாரக்கணக்கில் தினமும் போடுகிறவர்கள் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், அவர்கள் மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மனநல மருத்துவர் உங்களுக்கு எஸ்சிடலோப்ரம், செர்ட்ரலின் போன்ற மருந்தைத் தரக்கூடும். அவை வேறு வகை. குறைந்த அளவில் தொடங்குவார்கள், பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரம் குமட்டலும், படபடப்பு கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம். பலர் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டி நிறுத்துவது சரியாக இந்த வாரத்தில்தான். நிறுத்தாமல் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். ஆனால் விடியாமல் போகலாம் என்ற எண்ணம் கூடினால் அது வேறு, அன்றைக்கே நேரில் போக வேண்டும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வது வழக்கம். நிறுத்துவதும் படிப்படியாகத்தான். சி.பி.டி.யும் மருந்தும் சேர்ந்தே நடக்கலாம். உங்களுக்குத் தூக்கமும் போய் மனச்சோர்வும் தொட்டிருப்பதால் மருத்துவர் இரண்டையும் யோசிப்பார் என்று நினைக்கிறேன்.

ஆறு காபியை ஒரே நாளில் விட்டால் தலைவலி பிடுங்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு காபியைக் குறைத்துக்கொண்டே வந்து, மதியத்துக்கு முன் இரண்டு என்ற அளவில் நிறுத்துங்கள். ராத்திரி எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. விடுதிக் கட்டிலிலேயே லேப்டாப்பும் சாப்பாடும் ரீல்ஸும் என்றால் கட்டிலைப் பார்த்ததும் உடம்புக்குத் தூக்கம் ஞாபகம் வராது. இருபது நிமிடமாகத் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள். கடன், அப்ரைசல் கவலைகளுக்கு மாலையில் இருபது நிமிடம் தனியாக ஒதுக்கி நோட்டில் எழுதுங்கள். தவணைத் தேதி, தொகை, கையிருப்பு என்று எழுதினால் பாதிக் கவலை கணக்காக மாறிவிடும். மீதிக்குப் பக்கத்தில் 'இப்போது செய்ய ஒன்றுமில்லை' என்று எழுதி மூடிவிடுங்கள்.

இனி, வேலை. எட்டு மாதத்தில் உங்களுக்கு ஊர், வீட்டுச் சாப்பாடு, கல்லூரித் தோழிகள், தூங்கும் நேரம் எல்லாம் ஒரே சமயத்தில் மாறியிருக்கின்றன. இவ்வளவு மாறினால் யாருக்கும் ஆட்டம் காணும். அது நோயாகிவிடாது. ஆனால் பேனிக் உச்சத்தில் இருக்கும்போது எடுக்கும் ராஜினாமா முடிவைப் பயமே எடுக்கிறது. ஊருக்குப் போனால் முதல் மாதம் நிம்மதியாகத்தான் இருக்கும். பிறகு தென்காசி பஸ்ஸிலோ கல்யாண மண்டபத்திலோ அதே படபடப்பு வந்தால் எங்கே போவீர்கள்? மூன்று மாதம் சிகிச்சை முடியும்வரை வேலையை விடாதீர்கள். வீட்டிலிருந்தே வேலை என்று மாற்றிக்கொள்வதையும் தள்ளிப்போடுங்கள். அதற்குள் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: இந்தப் படபடப்பே இல்லையென்றால் இந்த வேலையில் எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை? அப்போதும் பிடிக்காதவை அதிகமாக இருந்தால் தாராளமாக வேறு வேலை தேடலாம். தினமும் பன்னிரண்டு மணி நேர வேலை, மேலாளரின் வசவு, தொந்தரவு என்று இருந்தால் மூன்று மாதம்கூடப் பொறுக்க வேண்டியதில்லை. அங்கே பதறுவது நியாயமான பதற்றம்.

கல்யாணம் சிகிச்சை அல்ல. இப்போதைய நிலையில் மாப்பிள்ளை பார்ப்பது இன்னொரு பெரிய மாற்றத்தைத் தலையில் ஏற்றும். அப்பாவிடம் நீளமாக வாதாட வேண்டாம். "அப்பா, ஹார்ட்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. இது பயத்தால வர்றது, மூணு நாலு மாசம் டாக்டர்கிட்ட போனா சரியாயிரும். அதுவரைக்கும் வேலையப் பத்தியும் கல்யாணத்தப் பத்தியும் பேச வேண்டாம்ப்பா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நானே போன் பண்ணிச் சொல்லுதேன்" என்று சொன்னால் போதும். காலக்கெடு தெரிந்தால் பெற்றவர்கள் ஓரளவு அடங்குவார்கள். பின்னாளில் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளும் நிலை வந்தால் நிச்சயத்துக்கு முன் அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். மறைத்து வைப்பது இன்னொரு பயமாக வளரும்.

யாரிடம் போவது? 'கவுன்சலர்' என்று யார் யாரோ போர்டு மாட்டிவிடுகிறார்கள், அதனால் படிப்பைக் கேளுங்கள். மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர், எம்.பி.பி.எஸ். படித்து அதற்குமேல் மனநலத்தில் எம்.டி., டி.பி.எம்., டி.என்.பி. முடித்தவர். சி.பி.டி.க்கு, கிளினிக்கல் சைக்காலஜியில் எம்.ஃபில். முடித்து இந்திய மறுவாழ்வுக் கழகமான ஆர்.சி.ஐ.யில் பதிவு பெற்றவராகப் பாருங்கள். போனிலேயே நாலு கேள்வி கேட்கலாம்: பேனிக்குக்கு சி.பி.டி. தருகிறீர்களா, பயப்படும் இடத்துக்குப் போகும் பயிற்சி உண்டா, எத்தனை சந்திப்பு ஆகும், ஒன்றுக்கு எவ்வளவு? கட்டணம் தாங்காது என்றால் அரசு மருத்துவமனைகளின் மனநல வெளிநோயாளர் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை என்றாலே கேலியாகப் பேசிப் பழகிவிட்டார்கள். 1794-லிருந்து வரும் அந்த நிறுவனத்தின் வெளிநோயாளர் பிரிவில் உங்களைப் போலப் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் வந்து மருந்து வாங்கிக்கொண்டு அன்றே வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. ஊருக்குப் போகும்போது மருந்து தொடர, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

ஆபீசுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் கடிதத்தில் இல்லை, ஆனால் இருக்கும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் கடமையைச் சிகிச்சை தருபவர் மேல் வைக்கிறது. உங்கள் உயிருக்கோ மற்றவருக்கோ ஆபத்து போன்ற சில சூழல்களில்தான் விலக்கு. 23 வயதுப் பெண்ணின் விஷயத்தை அவர் சம்மதமில்லாமல் அப்பாவிடம் சொல்லவும் கூடாது. கம்பெனியே ஏற்பாடு செய்த கவுன்சலிங்குக்குப் போனால், ஹெச்.ஆருக்கு என்ன தகவல் போகும் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

குணமானபின் திரும்ப வருமா? ஒன்றிரண்டு தடவை வரலாம். மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், காய்ச்சலிலிருந்து தேறும்போது, அப்ரைசல் வாரம், தூக்கம் கெட்ட நாட்கள், இவையெல்லாம் வழக்கமான சமயங்கள். வந்தால் அன்றைக்கோ மறுநாளோ அதே இடத்துக்குப் போய் வந்துவிடுங்கள், ஒரு வாரம் விட்டால்தான் வேர் பிடிக்கும்.

முதல் நாள் போகும்போது எடுத்த ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை முடிவுகள், அந்த மாத்திரையின் அட்டை, தற்போது போடும் வேறு மருந்துகளின் பெயர், ஒரு வாரத்துத் தூக்க நேரமும் காபிக் கணக்கும், இதுவரை வந்த ஒவ்வொரு அட்டாக்கும் எங்கே, எத்தனை மணிக்கு என்ற குறிப்பு, எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோங்கள். இங்கே எழுதிய அந்த விடியாமலே போகும் எண்ணத்தை அந்தக் குறிப்பின் முதல் வரியாக எழுதுங்கள். நேரில் சொல்ல வாய் வராவிட்டால் தாளை அப்படியே நீட்டிவிடலாம்.